கிணற்றில் வந்த செம்புராங்கல் படிவுப்பாறைதானா?

காரைக்குடிக்குக் கிழக்கே உள்ள பூர்வீக வீட்டில் கொல்லைக் கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியிருக்கிறீர்கள். மேலே இரண்டடி செம்மண், அதன் கீழே பத்துப் பன்னிரண்டு அடி செம்புராங்கல் (மதில் கட்டும் சிவப்புக் கல்), பிறகு வெள்ளையும் சிவப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த களி, கடைசியில் உருண்டைக் கற்கள் கலந்த மணல். பள்ளிப் பாடத்தில் இருக்கும் மூன்று வகைப் பாறைகளில் செம்புராங்கல் எதில் சேரும், மகளின் ப்ராஜெக்ட்டில் படிவுப்பாறை என்று எழுதலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி பெயரைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பது வேறு கேள்வி: ஒரு கல் வேறெங்கிருந்தோ வந்து படிந்ததா, இருந்த இடத்திலேயே அப்படி ஆனதா என்று எதை வைத்துச் சொல்வது? அதற்குப் பதில் கிடைத்தால் பெயர் தானாக வந்துவிடும். அவசரத்துக்கு ஒரு வரியில் வேண்டுமானால்: செம்புராங்கல்லைப் படிவுப்பாறை என்று எழுத வேண்டாம், கடைசியில் வந்த மணலையும் உருண்டைக் கல்லையும், ஒரு சோதனை முடித்த பிறகு, அப்படி எழுதலாம், நடுவில் வந்த களிதான் வில்லங்கம்.

படிவுப்பாறையை ஒரு கட்டுச்சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கல் இருக்கும், கற்களின் இடுக்கை அடைக்கும் சில்லும் பொடியும் இருக்கும், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் காரை இருக்கும். பாறையிலும் இந்த மூன்றுதான்: பெரிய துகள்கள், இடையில் அடைந்த நுண்பொடி, பிணைக்கும் காரை. துகள் எங்கிருந்து வந்தது, என்ன பருமன், காரை எது என்று கேட்டால் வகைப்பாட்டில் பெரும்பகுதி முடிந்தது.

துகள் வருவது பழைய பாறை சிதைவதால். திருமயம் கோட்டைக்குன்று, பிள்ளையார்பட்டிக் குன்று போன்றவற்றின் கல்லில் மூன்று சரக்கு முக்கியம்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் (நம் பக்கத்தில் வெங்கச்சங்கல் என்பது இதுதான்), வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் ஃபெல்ட்ஸ்பார், மினுக்கும் காக்காப்பொன். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. கால்சியம், சோடியம், பொட்டாசியம் போன்றவை கரைந்து தண்ணீரோடு போகின்றன. குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய அப்படியே உதிர்ந்து மணலாகிறது. ஒரே கருங்கல்லிலிருந்து மணல், களி, கரைசல் என மூன்று வழி பிரிகிறது. மணற்கல், களிப்பாறை, சுண்ணாம்புக்கல் மற்றும் உப்புப் படிவுகள் என்னும் பெரிய குடும்பங்கள் இந்த மூன்று வழிகளின் முடிவுகள்.

அடுத்தது சலித்துப் பிரித்தல். வெள்ளாறும் பாம்பாறும் வெள்ளம் வரும் நாலு நாளில் செய்யும் வேலை இது. வேகம் குறையக் குறைய முதலில் சரளை நிற்கும், பிறகு பருமணல், பிறகு நொய்மணல், கடைசியில் களி. வீட்டிலேயே பார்க்கலாம். நேரான சுவருள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். 2 மைக்ரான் அளவுள்ள களித்துகள் அதே ஆழம் இறங்கச் சுமார் 8 மணி நேரம் ஆகும்; அதைவிட நுண்ணியது நாள்கணக்கில் மிதக்கும். களித்துகள்களின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஊருணித் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் கலங்கல் தெளிவது அந்தத் தள்ளுதல் ஓய்ந்து துகள்கள் திரள்வதால்தான். ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கும் இடத்தில் இதே வேலையை உப்பு செய்கிறது. முகத்துவாரங்களில் சேறு குவிவதற்கு அது ஒரு காரணம். கோடையில் கண்மாயில் வண்டல் வெட்டும் பள்ளத்தின் செங்குத்து முகத்தைப் பாருங்கள். மெல்லிய மணல் வரி, மேலே களி வரி, மறுபடி மணல் என்று அடுக்கு தெரியும். காய்ந்த தரையில் பலகோண வெடிப்பும் இருக்கும். அந்த வெடிப்புக்குள் அடுத்த வெள்ளத்தின் மணல் இறங்கி நிரம்பி எல்லாம் இறுகிப்போனால், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அங்கே ஒரு காலத்தில் நீர் வற்றியது என்று அந்தப் பாறை சாட்சி சொல்லும்.

படிந்த வண்டல் இன்னும் பாறை ஆகவில்லை. மேலே அடுக்குகள் ஏற ஏற இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று அமுங்கல்: புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல், சில வேளை 80 சதவீதம் வரைகூட, தண்ணீர் நிற்கும் இடைவெளிதான், ஆழப் புதையும்போது அது 10–20 சதவீதமாகச் சுருங்கிவிடும். மணல் அந்த அளவுக்கு அமுங்காது. அதற்குக் காரை வேண்டும், அதுதான் இரண்டாவது காரியம். துகள்களுக்கிடையே ஓடும் நிலத்தடி நீரிலிருந்து கால்சைட்டோ (சுண்ணாம்புக் கனிமம்) சிலிக்காவோ (குவார்ட்ஸின் சரக்கு) இரும்புத் துருவோ படிந்து துகள்களை ஒட்டுகிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய சுவர் இறுகுவதும் இதன் உறவுதான். கிளிஞ்சல் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகிறது. வேதிவழி வேறு, விளைவு ஒன்று: துகள்களுக்கு நடுவே கார்பனேட் படிகம் வளர்ந்து பூட்டு விழுகிறது. காரையை அடையாளம் காண்பதும் சிரமமில்லை. கால்சைட் என்றால் அமிலத்தில் நுரைக்கும். துரு என்றால் சிவப்போ மஞ்சளோ கையில் ஒட்டும். சிலிக்கா என்றால் நுரைக்காது, சுத்தியலும் எகிறும். காரை பலவீனமான மணற்கல்லைக் கையால் தேய்த்தாலே மணல் உதிரும். உங்கள் கிணற்றின் அடி மணல் அந்தக் கட்டத்தில் இருக்கலாம்.

பெயர் வைப்பதற்குத் துகள்வகைப் பாறைகளில் முதலில் பார்ப்பது பருமன். 1922இல் அமெரிக்க நிலவியலாளர் செஸ்டர் வென்ட்வொர்த் வரையறுத்த அளவுகளே இன்றும் புழக்கத்தில் உள்ளன: 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, அதிலிருந்து 0.0625 மி.மீ. வரை மணல், 0.004 மி.மீ. வரை நொய்வண்டல், அதற்கும் கீழே களி. சரளை இறுகியதில் துகள்கள் உருண்டையாக இருந்தால் உருள்திரள் பாறை. கூர்முனையோடு இருந்தால் அது வேறு, பிரெச்சியா. உருண்டை நெடுந்தூரம் புரண்டதைக் காட்டும். கூர்முனை பக்கத்திலேயே உடைந்து விழுந்ததைக் காட்டும். மணற்கல்லுக்குள் பிரிவுகள் நிறைய. 25 சதவீதத்துக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார் இருந்தால் ஆர்கோஸ். சிதைந்து களியாக நேரம் கிடைக்காமல் வேகமாக வந்து புதைந்த மணல் அது. நொய்வண்டலையும் களியையும் கண்ணால் பிரிக்க முடியாது. துளி எடுத்து முன்பல்லில் கடித்துப் பாருங்கள்: நறநறத்தால் நொய்வண்டல், வெண்ணெய் போல வழுக்கினால் களி. பல்லாயிரம் ரூபாய்க் கருவி இல்லாத இடத்தில் நிலவியல்காரர்கள் செய்வதும் இதையேதான். களிப்பாறை ஏடு ஏடாகப் பிரிந்தால் ஷேல். பிரியாமல் கட்டியாக உடைந்தால் வெறும் களிக்கல். இந்த இடத்தில் பலரும் செய்யும் தப்பு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது. நிறம் பெரும்பாலும் காரையின் கைவரிசை. அரை சதவீதம், ஒரு சதவீதம் துரு போதும் மணற்கல் முழுவதும் சிவக்க.

கரைசல் வழியில் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்கள் கிணற்றுக்கு இவை அவ்வளவு தேவையில்லை. கடல் உயிர்களின் ஓடும் சுண்ணச் சேறும் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல். அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமென்ட் ஆலைகள் நம்பியிருப்பது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லை. கடல்நீர் ஆவியானால் முதலில் கார்பனேட்டும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும்போது ஜிப்சமும், பத்தில் ஒரு பங்கு மிஞ்சும்போது சமையல் உப்பும் படியும். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை நகர்த்துவது இந்த வரிசையைப் பயன்படுத்தித்தான். தாவரம் புதைந்தால் நெய்வேலியில் வெட்டுகிற பழுப்பு நிலக்கரி.

வீட்டுக்குள் படிவுப்பாறை வேண்டுமென்றால் அடுக்களை மேடைக்குப் போங்கள். கடப்பாக்கல் ஒரு சுண்ணாம்புக்கல். அதனால்தான் எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ சிந்திக் கிடந்தால் அதில் பளபளப்புப் போய்த் தடம் விழுகிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நுரைப்பதெல்லாம் படிவுப்பாறை ஆகாது. வீட்டுக் கூடமான பட்டாசாலையில் பதித்த இத்தாலியப் பளிங்கும் நுரைக்கும். அது சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. ஆத்தங்குடிக் கல்லைச் சொரண்டிய பொடியும் நுரைக்கலாம்; அது சிமென்ட்டும் மணலும் சேர்த்து மனிதர் செய்தது, பாறைக் கணக்கிலேயே வராது. அமிலச் சோதனை கார்பனேட் இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்லும், அது எப்படி வந்தது என்பதைச் சொல்லாது.

இனி செம்புராங்கல். செம்பூரான்கல் என்றும் சொல்வார்கள்; ஊருணிப் படித்துறை, கிணற்றுச் சுற்றுச்சுவர், பழைய மதில் என்று செட்டிநாட்டில் பார்க்காத ஆள் இருக்க முடியாது. நிலவியலில் இதன் பெயர் லேட்டரைட். மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியான நூலில் இந்தப் பெயரைக் கொடுத்தார். லத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். ஈரமாக இருக்கும்போது இரும்புக் கருவியால் செங்கல் போல வெட்டலாம், காற்றுப்பட்டால் இறுகிவிடும் என்பதால் அந்தப் பெயர். இது உருவாகும் விதம் மேலே சொன்ன சுவருக்குத் தலைகீழ். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும். ஆக்சிஜன் குறைந்த அந்த நீரில் இரும்பு கரையும். கோடையில் நீர் இறங்கும். காற்றுப்பட்டு இரும்பு துருவாகப் படியும். இப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் ஏறி இறங்கும்போது கால்சியம், சோடியம், பொட்டாசியமும் சிலிக்காவின் பெரும்பகுதியும் கழுவப்பட்டுப் போய், இரும்பும் அலுமினியமும் எஞ்சுகின்றன. கல் கரைந்துபோய்க் காரை மட்டும் நின்ற சுவர் என்று சொல்லலாம். எதுவும் வெளியிலிருந்து வந்து படியவில்லை. இருந்தது போக மிச்சம் நிற்கிறது. அதனால் இதைப் படிவுப்பாறையில் சேர்க்காமல் எஞ்சுபாறை என்றோ சிதைவுப்பாறை என்றோ தனியாக வைப்பதே சரி. சில பாடநூல்கள் ‘எஞ்சிய படிவு’ என்று படிவுக் குடும்பத்தின் ஓரத்தில் இடம் கொடுக்கும். அது அலமாரியில் எந்தத் தட்டில் வைப்பது என்ற தகராறு. உருவான விதம் பற்றி அவர்களுக்குள்ளும் சண்டை இல்லை.

ஆனால் இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய செம்புராங்கல் மேடு அரித்து, அதன் சரளை ஓடை வழியே வந்து தாழ்வான இடத்தில் படிந்து, மறுபடி துருவால் ஒட்டிக்கொண்டால் அது அசல் படிவுப்பாறை, உருள்திரள் வகை. இரண்டும் தூரத்தில் ஒரே மாதிரி சிவப்பு. வித்தியாசம் வெட்டு முகத்தில் தெரியும். இருந்த இடத்திலேயே ஆனது என்றால் புழு அரித்தது போல வளைந்து வளைந்து ஓடும் குழல்கள் இருக்கும், அடுக்கு இருக்காது, அடியில் எந்தக் கோடும் இல்லாமல் மெல்ல மெல்லத் திட்டுக்களியாக மாறும். வந்து படிந்தது என்றால் உருண்ட துண்டுகள் தனித்தனியாகத் தெரியும், நடுவே வெங்கச்சங்கல் கலந்திருக்கும், அடிப்பகுதி கத்தியால் வெட்டியது போல ஒரு கோட்டில் நிற்கும். உங்கள் விவரத்தில் கல்லுக்குக் கீழே திட்டுக்களி வருகிறது என்பது முதல் வகையின் பக்கம் சாய்கிறது. விவரத்தை மட்டும் வைத்து இதற்கு மேல் யாரும் உறுதியாகச் சொல்லக்கூடாது. கிணற்றுச் சுவரைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும்.

நடுவில் வந்த வெள்ளைச் சிவப்புக் களி இரண்டு விதமாக வந்திருக்கலாம். அடியிலிருந்த கருங்கல் நின்ற இடத்தில் இற்றுப்போனது ஒன்று. நீரோடு வந்து படிந்த களி, பிறகு மேலிருந்து இறங்கிய சிதைவால் நிறம் மாறியது மற்றொன்று. இற்றுப்போன கருங்கல் என்றால் ஒரு கட்டியைக் கத்தியால் நறுக்கும்போது பழைய பாறையின் வரியும் பின்னலும் நிழல் போலத் தெரியும். குவார்ட்ஸ் துண்டுகள் கூர்முனையோடு, வெவ்வேறு பருமனில் இருக்கும். வெளிறிய காக்காப்பொன் மினுக்கும். குவார்ட்ஸ் நரம்பு ஒன்று குறுக்கே உடையாமல் ஓடினால் சந்தேகமே வேண்டாம், ஓடி வந்த மண்ணில் அது நிலைக்காது. படிந்த களி என்றால் கிடைமட்ட வரி, சமமான பருமன், இடையிடையே மணல் ஏடு. அந்தக் களிக்கு அடியில் உருண்டைக் கல் மணல் வந்திருப்பதால் இரண்டாவது பக்கம்தான் கனம் அதிகம்; கருங்கல் இற்ற களியென்றால் கீழே போகப் போகக் கருங்கல்லே கெட்டிப்பட்டு வர வேண்டும், ஆற்று மணல் அல்ல.

உருண்டைக் கல்லை நம்புமுன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். லேட்டரைட்டுக்குள் துரு, சுற்றுச்சுற்றாகப் படிந்து பட்டாணி அளவு, புளியங்கொட்டை அளவு உருண்டைகள் இயல்பாகவே உருவாகும். அவை எங்கும் புரண்டவையல்ல. உடைத்தால் உள்ளே வெங்காயம் போல வளையம் வளையமாகப் பழுப்பும் கறுப்பும் தெரியும், எடை கூடுதலாக இருக்கும். ஆற்றில் உருண்ட கூழாங்கல் என்றால் உள்ளே ஒரே சீரான வெண்குவார்ட்ஸ், வளையம் இருக்காது. பத்துக் கல்லையாவது உடைத்துக் கணக்கெடுங்கள், இரண்டும் கலந்திருப்பது சகஜம்.

வட்டாரத்தின் அமைப்பும் இதற்குப் பொருந்துகிறது. திருமயம், பிள்ளையார்பட்டி என மேற்கிலும் வடக்கிலும் கெட்டியான பழம்பாறை தலைதூக்கி நிற்கிறது; கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக அதே பாறை ஆழத்தில் இறங்கி, மேலே காவிரிப் படுகையின் படிவுகள் ஏறுகின்றன. சிவகங்கைப் பக்கம் வெளித்தெரியும் கூழாங்கல், மணற்கல், ஷேல் அடுக்குகள் கிரெட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயது, தாவரப் படிமங்கள் கிடைப்பவை. அதைவிட மிக இளையது கடலூர் மணற்கல். திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பது அந்த அமைப்பில்தான். இதன் மேல்முகம் பல இடங்களில் செம்புராங்கல்லாக மாறியிருக்கிறது. ஆகவே ஒரே கிணற்றில் மேலே எஞ்சுபாறையும் அடியில் படிவும் வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. உங்கள் அடி மணல் எந்தக் காலத்தது என்பதைக் கல்லின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. படிமமோ மகரந்தமோ கிடைத்தால்தான் வயது பேசலாம்.

கிணற்றோடு நிற்காமல் போர் போடும் எண்ணம் இருந்தால் இந்த வேறுபாட்டுக்குக் காசு மதிப்பு உண்டு. கெட்டிப்பாறையில் மேல்மண் வரை கேசிங் குழாய் இறக்கிவிட்டு மீதியைத் திறந்த துளையாக விடலாம். மணல் படிவில் அப்படி விட்டால் துளை சரிந்து மோட்டார் மணலில் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் வரும் மட்டத்தில் ஃபில்டர் பைப்பும் அதைச் சுற்றி ஒரே அளவாகச் சலித்த சரளையும் வேண்டும். போர் வண்டிக்காரர் வெளியே கொட்டும் தூளைப் பத்தடிக்கு ஒரு கைப்பிடி வீதம் தனித்தனிப் பையில் போட்டு ஆழம் எழுதி வையுங்கள். மேலே உள்ள சிவப்புச் சேறு துளைச்சுவரிலிருந்து உதிர்ந்து கீழ்த்தூளோடு கலப்பது வழக்கம். எனவே ஒரு பையில் சிவப்புத் தெரிந்தால் அந்த ஆழத்தில் செம்புராங்கல் என்று முடிவு கட்டாமல், அலசிவிட்டு மணலைப் பாருங்கள்.

ப்ராஜெக்ட்டுக்கு மாதிரி எடுக்கக் குழந்தையைக் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். பழைய கிணறுகளில் அடியில் கெட்ட காற்று தேங்கும். மேலே கொட்டிய மண்ணிலிருந்து ஒவ்வொரு அடுக்குக்கும் கையளவு கட்டி போதும். அமிலச் சோதனைக்கு வினிகர் போதுமானது, கல்லைப் பொடித்து அதன் மேல் விடுங்கள். பழைய கிணறு என்பதால் ஓர் எச்சரிக்கை: சுற்றுச்சுவரின் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து மாதிரியின் மேல் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும், செம்புராங்கல்லில் சுண்ணாம்பு இருப்பதாகக் குழந்தை எழுதிவிடும். தேய்த்துக் கழுவி, உள்ளிருந்து புதிதாக உடைத்த முகத்தில் சோதியுங்கள். பிறகு சீட்டில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: ‘2 முதல் 14 அடி வரை: செம்புராங்கல், இருந்த இடத்தில் சிதைந்து எஞ்சியது. அதன் கீழே: திட்டுக்களி, படிவாக இருக்கலாம். அதற்கும் கீழே: குவார்ட்ஸ் கூழாங்கல் கலந்த மணல், படிவு, இன்னும் முழுதாக இறுகவில்லை.’ நடுவரியில் உள்ள ‘இருக்கலாம்’ என்பதை ஆசிரியர் அடித்தால், நறுக்கிய களிக் கட்டியைக் கையில் கொடுத்து வரியைக் காட்டச் சொல்லுங்கள்.